புள்ளி, பிக்சல், முழம்: திரை அளவைகளின் கதை

இரண்டாண்டுகளுக்கு முன், எங்கள் துறையின் பழைய ஆண்டு மலர்களிலிருந்து தேர்ந்த கட்டுரைகளைத் தட்டெழுதித் தொகுத்து, செல்பேசியில் வாசிக்கத்தக்க ஒரு சிறு செயலியாக்கும் வேலையில் இறங்கினோம். நிரல் எழுதும் பணியில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் விடுமுறை நாள்களை எங்களுக்குக் கொடையாகத் தந்தார். செயலி உருவானதும் முதல் பிரதியை, ஓய்வுபெற்ற எங்கள் பேராசிரியை ஒருவரின் செல்பேசியில் ஏற்றிக் கொடுத்தோம். அம்மையார் எண்பதை நெருங்குபவர். தம் கருவியில் எழுத்தை உச்ச அளவுக்குப் பெருக்கி வைத்திருப்பவர். மறுநாளே அழைத்தார். “மற்றதெல்லாம் பெரிதாகத் தெரிகிறது தம்பி, உங்கள் மலர் மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதே!”

மாணவர் சிரித்துக்கொண்டே இரண்டெழுத்தை மாற்றினார். டி.பி. என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் எஸ்.பி. என்று போட்டார். எழுத்து பெருகிற்று. ஒரு வாரம் கழித்து மீண்டும் அழைப்பு. “இப்போது உரைநடை நன்றாக இருக்கிறது. செய்யுளில்தான் மீனெல்லாம் மின்னாகிவிட்டது.”

போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது சிலேடையன்று, உள்ளது உள்ளபடி. ‘மீ’ என்னும் எழுத்தின் தலைமேலிருக்கும் சுழி, பெட்டியின் மேல்விளிம்பில் வெட்டுண்டு போயிருந்தது. சுழி போனால் நெடில் குறிலாகிறது. வானத்து மீன் வானத்து மின் ஆகிறது. சங்கப் பாட்டில் இரண்டுமே பொருந்தும் என்பதுதான் கொடுமை. தமிழாசிரியர் ஒருவரின் கண் இல்லாதிருந்தால் அப்பிழை அப்படியே புழங்கியிருக்கும்.

டி.பி. என்றால் என்ன, எஸ்.பி. என்றால் என்ன, ஓர் எழுத்தின் உயரத்தை யார், எந்தக் கோலால் அளக்கிறார் என்று அன்று கேட்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. கணினித்துறையினர்க்கு இதில் புதிதாக ஏதுமிராது. இலக்கியம் படிப்போர்க்கு இருக்கலாம். ஏனெனில் இது எழுத்தின் வரலாறும்கூட.

*

வடிவ கணிதத்தில் புள்ளிக்கு நீளமோ அகலமோ கிடையாது. புள்ளிக்கு நீளம் கொடுத்தவர்கள் அச்சுக்காரர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பாவில் ஓர் அச்சுவார்ப்புக் கூடத்தின் எழுத்து இன்னொரு கூடத்தின் எழுத்தோடு சேராது. அளவுகளுக்கு எண்கள் இல்லை, பெயர்கள்தாம் இருந்தன: ஆங்கிலத்தில் பைக்கா, பிரெவியர், லாங் பிரைமர், கிரேட் பிரைமர் என்பன போல. ஒரே பைக்கா ஓரிடத்தில் சற்றுத் தடித்தும் வேறிடத்தில் சற்று மெலிந்தும் இருக்கும். இரண்டிடத்து ஈய எழுத்துகளை ஒரே வரியில் கோத்தால் வரி நேராக நில்லாது. தாள் கீழே தள்ளாடும்.

பாரிசில் பியேர் சிமோன் ஃபூர்னியே என்பவர் 1737இல் எழுத்தளவுகளுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டு, அளவைப் புள்ளிகளால் எண்ணும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதே நூற்றாண்டின் எண்பதுகளில் பிரான்சுவா அம்புருவாஸ் திதோ அதனைச் செப்பனிட்டு, பிரெஞ்சு அரசரின் அடிக்கோலோடு பிணைத்தார்: அரச அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு ஒரு புள்ளி, ஏறக்குறைய 0.376 மில்லிமீட்டர். சில ஆண்டுகளில் புரட்சி வந்தது. அரசர் தலை போயிற்று. மீட்டர் முறை வந்து அரசரின் அடிக்கோலும் போயிற்று. ஆனால் அந்த அடிக்கோலிலிருந்து பிறந்த திதோ புள்ளி மட்டும் இருபதாம் நூற்றாண்டுவரை ஐரோப்பிய அச்சகங்களில் ஆட்சி செலுத்திற்று. அளவைகளின் ஆயுள் அரசுகளின் ஆயுளைவிட நீண்டது போலும்.

அமெரிக்காவின் கதை வேறு. 1871இல் சிகாகோ நகரம் எரிந்தபோது அங்கிருந்த ஓர் அச்சுவார்ப்புக் கூடமும் எரிந்தது. மீண்டும் எல்லா அச்சுகளையும் புதிதாகச் செய்ய வேண்டிய நிலையில், செய்வதை ஒழுங்கான அளவில் செய்வோம் என்று அதன் உரிமையாளர்கள் முடிவு செய்தனர். தீ தந்த வாய்ப்பு அது. 1886இல் அமெரிக்க அச்சுவார்ப்போர் சங்கம் பொதுப் புள்ளி ஒன்றை ஏற்றுக்கொண்டது: 83 பைக்கா சேர்ந்தால் 35 சென்டிமீட்டர், ஒரு பைக்காவுக்கு 12 புள்ளி. ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 72.27 புள்ளி என்ற அந்த அழகற்ற எண் இப்படித்தான் வந்தது. டொனால்ட் நூத் தம் டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலில் இந்த 72.27ஐயே புள்ளியாகக் கொண்டு, சரியாக 72ஆக வகுக்கும் புதிய புள்ளிக்குப் ‘பெரிய புள்ளி’ என்று பெயரிட்டது நூலார்வலர்க்கு உவப்பான செய்தி.

எழுத்தின் அளவு தாளின் விலையோடு போராடிய ஒரு நிகழ்ச்சி நம் கரையிலும் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் பணிக்கென ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அடித்தால் கையிருப்புத் தாள் புதிய ஏற்பாட்டுக்குப் போதாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கி அதற்கு உலோகம் தேடினர் என்று அச்சு வரலாறு சொல்லும். 1715இல் அந்நூல் முடிந்தது. எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கட்டும் என்று எங்கோ ஒருவர் முடிவு செய்வதும், அது பொருந்தாமல் வாசிக்குமிடத்தில் மாற்ற வேண்டி வருவதும் செல்பேசிக் காலத்துப் புதுமையல்ல.

*

திரைக்கு வருவோம். ‘பிக்சல்’ என்ற சொல் 1965 அளவில் அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கூடம் ஒன்றின் படச் செயலாக்கத் துறையிலிருந்து எழுத்துக்கு வந்தது. படத்தின் உறுப்பு என்பதன் சுருக்கம். பிக்சல் எண்ணிக்கையே தவிர நீளம் அன்று. ‘நூறு நெல்மணி’ என்றால் எத்தனை என்று தெரியும், எவ்வளவு நீளம் என்று தெரியாது, அதுபோல. எண்ணிக்கையை நீளமாக்க, அடர்த்தி வேண்டும்: அங்குலத்துக்கு எத்தனை?

1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் இதற்கு மிக எளிய விடையைத் தந்தது. ஒன்பது அங்குலத் திரை, 512க்கு 342 பிக்சல், அங்குலத்துக்கு 72. அக்காலத்தே எழுந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் அச்சுப் புள்ளியை அங்குலத்தில் 72இல் ஒன்று என்று நேராக்கிவிட்டது. ஆகவே ஒரு பிக்சல் ஒரு புள்ளி. 12 புள்ளி எழுத்து திரையில் 12 பிக்சல். தாளிலும் அதே அளவு. அச்சுக்கூடமும் கணினியும் ஒரே கோலால் அளந்த பொற்காலம் அது. மிகக் குறுகிய பொற்காலம்.

மைக்ரோசாஃப்ட் வேறு வழி சென்றது. 10 புள்ளி எழுத்துக்குப் பத்தே பிக்சல் என்றால் திரையில் படிக்க முடியாது என்று கண்டனர். நாம் தாளைக் கையில் வைத்துப் படிக்கிறோம். திரையோ மேசையின் அப்பால் இருக்கிறது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தொலைவு. ஆகவே எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கு என்று 72ஐ 96 ஆக்கினர். திரையில் உண்மையில் அங்குலத்துக்கு 96 பிக்சல் இருந்தது என்பதில்லை. இருப்பதாக வைத்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு. 12 புள்ளி எழுத்து 16 பிக்சல் ஆயிற்று. இன்றும் இணைய உலாவிகள் இயல்பாகக் காட்டும் எழுத்தளவு அந்த 16தான்.

இங்கே ஒரு பெரிய மாற்றம் சத்தமின்றி நடந்துவிட்டது என்பது நம் எண்ணம். அதுவரை எழுத்தின் அளவு உலோகத்தின் அளவு. இப்போது கண்ணுக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட தொலைவு கணக்குக்குள் வந்துவிட்டது. வாசகர் முதன்முதலாக அளவைக்குள் நுழைகிறார்.

அதை வெளிப்படையாகச் சட்டமாக்கியது இணையம். 1996 டிசம்பரில் ஹோகன் வியூம் லீயும் பெர்ட் போஸும் எழுதிய சி.எஸ்.எஸ். முதல் பதிப்பு, பிக்சலுக்கு ஒரு வியப்பான இலக்கணம் வகுத்தது. பிக்சல் என்பது ஒரு கோணம் என்றது அது. அங்குலத்துக்கு 90 பிக்சல் கொண்ட திரையை ஒருவர் கைநீட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது ஒரு பிக்சல் கண்ணில் எழுப்பும் கோணம் எவ்வளவோ, அதுவே ஒரு பிக்சல். கைநீளம் 28 அங்குலம் என்று கொண்டால் அக்கோணம் சுமார் 0.0227 பாகை. பின்னர் 90ஐ விண்டோஸ் வழக்கத்துக்கு இணங்க 96 ஆக்கினர். சுவரில் தொங்கும் திரையின் பிக்சல் பெரிதாகவும் கையிலிருக்கும் திரையின் பிக்சல் சிறிதாகவும் இருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இதைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தவர் பேருந்து நிலையத்துப் பூக்காரம்மா. எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்று வாய்பாடு சொல்லும். பூக்காரர் முழமோ அவரவர் முழங்கை. நெட்டையான அம்மாவிடம் வாங்கினால் இலாபம். உடம்பால் அளப்பதை விட்டு உலோகக் கோலுக்கு மாறியதே நாகரிகம் என்று பள்ளியில் படித்தோம். கணினி வல்லுநர்களோ உலகம் முழுதும் பயன்படும் அளவை ஒன்றை வகுக்க அமர்ந்தபோது, சுற்றிச் சுற்றி ஒரு மனிதக் கையின் நீளத்திலேயே வந்து நின்றார்கள்.

*

செல்பேசிகளின் தொடக்கத்தில் இந்த நுட்பமெல்லாம் கிடையாது. 2000ஆம் ஆண்டுவாக்கில் சன் நிறுவனத்தின் ஜாவா கைக்கருவிகளுக்குள் நுழைந்தது. அப்போதைய நோக்கியாக்களில் ஒன்றின் திரை 128க்கு 128, மற்றொன்று 176க்கு 208, இன்னொன்று 240க்கு 320. நிரலாளர் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பதிப்பு செய்தார். ஒரே விளையாட்டுக்குப் பத்திருபது பதிப்புகள். ஃபூர்னியேவுக்கு முந்தைய அச்சகங்களின் நிலைக்கு இது சமம்: ஓர் ஊர் எழுத்து மற்றோர் ஊரில் சேராது.

ஒவ்வொரு நிரலோடும் ஒரு குறிப்புக் கோப்பு போகும். பெயர் இன்னது, செய்தவர் இன்னார், பதிப்பு இன்னது, பொதியின் கனம் இத்தனை பைட்டு என்று வரிவரியாக எழுதிய உரைக்கோப்பு அது. கனத்தில் ஒரு பைட்டு பிசகினாலும் கருவி அப்பொதியை ஏற்காமல் திருப்பிவிடும். பழைய நோக்கியா வகை சிலவற்றில் மொத்தப் பொதியே 64 கிலோபைட்டுக்குமேல் போகக்கூடாது.

இத்தகைய கோப்புக்கு நிரலாளர் உலகில் ‘மேனிஃபெஸ்ட்’ என்று பெயர். அது கப்பல் துறையிலிருந்து வந்த சொல். மாலுமி துறைமுக அதிகாரியிடம் காட்டும் சரக்குப் பட்டியல்தான் மேனிஃபெஸ்ட். என்னிடம் இருப்பது இவை, எனக்குத் தேவை இவை, இவற்றுக்குமேல் ஒளித்துவைத்தது எதுவுமில்லை என்னும் வாக்குமூலம். ஆண்ட்ராய்டு தன் செயலிகளின் வாக்குமூலத்தை எக்ஸ்.எம்.எல். வடிவில் எழுதச் சொன்னது. ஆப்பிளோ, 1980களின் இறுதியில் நெக்ஸ்ட் கணினிகளில் புழங்கிய ‘பண்புப் பட்டியல்’ மரபைக் கைவிடாமல் ‘இன்ஃபோ பிளிஸ்ட்’ என்ற கோப்பில் தொடர்ந்தது. இலக்கியக்காரர் கண்ணுக்கு இவை நூலின் முகப்புப் பக்கமும் பாயிரமும் போல. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், எல்லை, கேட்போர் என்று பாயிரத்துக்கு நன்னூல் வகுக்கும் உறுப்புகளில் பாதியாவது இங்கே இருக்கின்றன. பாயிரமில்லாத நூலை ஏற்கத் தயங்கும் மரபும் அப்படியே இருக்கிறது.

2007இல் ஐபோன் வந்தது. 3.5 அங்குலத் திரையில் 320க்கு 480. அங்குலத்துக்கு 163 பிக்சல். மேசைக் கணினிக்கென எழுதப்பட்ட இணையப் பக்கங்களை அதில் எப்படிக் காட்டுவது? ஆப்பிள் ஒரு பொய் சொல்லிற்று: என் திரையின் அகலம் 980 பிக்சல் என்று பக்கங்களிடம் சொல்லி, வந்ததைச் சுருக்கிக் காட்டிற்று. பொய் வேண்டாத பக்கம், ‘என் அகலம் கருவியின் அகலம்’ என்று தலைப்பகுதியில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு வரி இன்று ஏறக்குறைய எல்லா இணையப் பக்கங்களிலும் சடங்கு போல எழுதப்படுகிறது.

2008இல் முதல் ஆண்ட்ராய்டு கருவி வந்தது. அதன் திரையும் 320க்கு 480. எல்லோரும் அந்த அளவை மனத்தில் வைத்தே எழுதினர். அடுத்த ஆண்டே சிறியதும் பெரியதுமாகப் பல திரைகள் வரிசையில் நின்றன. 2009 செப்டம்பரில் வெளியான ஆண்ட்ராய்டு 1.6 இதற்கு வழி வகுத்தது. முதற்கருவியின் அடர்த்தியை 160 என்று நிலைநிறுத்தி, அங்குலத்துக்கு 160 உள்ள திரையில் ஒரு பிக்சல் எவ்வளவோ அதுவே ‘அடர்த்தி சாராப் பிக்சல்’, அதாவது டி.பி. என்றது. 240 அடர்த்தித் திரையில் ஒரு டி.பி.க்கு ஒன்றரைப் பிக்சல், 320இல் இரண்டு, 480இல் மூன்று. 160 டி.பி. எங்கே வரைந்தாலும் ஏறக்குறைய ஓர் அங்குலம். ‘ஏறக்குறைய’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கருவிகள் தம் உண்மை அடர்த்தியைச் சொல்லாமல் 120, 160, 240, 320 என்ற கூடைகளில் அருகிலுள்ள ஒன்றில் உட்கார்ந்துகொள்கின்றன. முழம் போட்டவர் யாரென்று பார்த்துத்தான் பூ வாங்க வேண்டும்.

அதே பதிப்பில் மேனிஃபெஸ்ட் கோப்பிலும் ஒரு புதிய உறுப்பு சேர்ந்தது. சிறு திரை எனக்கு ஆகுமா, நடுத்திரை ஆகுமா, பெருந்திரை ஆகுமா என்று செயலி அதில் அறிவிக்க வேண்டும். பெருந்திரை ஆகும் என்று சொல்லாத பழைய செயலிகளைப் பெரிய கருவிகள் பழைய சட்டத்துக்குள் அடைத்துக் காட்டின.

ஆப்பிள் பக்கத்தில் இது இன்னும் வேடிக்கை. 2010இல் ஐபோன் 4, அதே 3.5 அங்குலத்தில் 640க்கு 960 பிக்சலைத் திணித்தது; அடர்த்தி 326. பத்துப் பன்னிரண்டு அங்குலத் தொலைவில் மனிதக் கண் தனிப் பிக்சலைப் பிரித்தறியும் எல்லை 300 அளவில் முடிகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சொன்னார். பழைய செயலிகள் உடைந்துவிடாதிருக்க, 320க்கு 480 என்ற கணக்கை அப்படியே வைத்து, அதற்குப் ‘பாயிண்ட்’ என்று பெயரிட்டனர். ஒரு பாயிண்டுக்கு இரண்டு பிக்சல் நீளம், இரண்டு அகலம். ஃபூர்னியேவின் சொல் 273 ஆண்டுகள் கழித்து, அங்குலத்தோடு எந்த உறவுமில்லாத புதுப்பொருளில் திரும்பி வந்தது. 2012இல் ஐபோன் 5 சற்று நெட்டையாயிற்று: உயரம் 568 பாயிண்ட். இந்தச் செயலி நெட்டைத் திரையை அறியுமா என்பதைக் கருவி எப்படிக் கண்டுபிடித்தது? பொதிக்குள் 568 என்ற எண்ணைப் பெயரில் கொண்ட தொடக்கப் படம் ஒன்று இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தால் முழுத்திரை, இல்லையேல் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. ஒரு படத்தின் பெயரே வாக்குமூலம்! பின்னர் 2014 முதல் இன்ஃபோ பிளிஸ்டில் தொடக்கத்திரை வரைவின் பெயரைக் குறிக்கும் வரி அந்த இடத்தைப் பிடித்தது.

தொடுதிரைப் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆப்பிள் சொன்ன குறைந்த அளவு 44 பாயிண்ட். ஆண்ட்ராய்டு சொன்னது 48 டி.பி. கணக்கிட்டால் ஏழெட்டு மில்லிமீட்டர். அதாவது விரல்நுனி. முழத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். விரற்கடையும் வந்து சேர்ந்தது.

*

இனி எஸ்.பி. டி.பி. திரையை மட்டும் பார்க்கிறது; எஸ்.பி. ஆளையும் பார்க்கிறது. கருவியின் அமைப்புகளில் எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று ஒருவர் தேர்ந்துகொண்டாரோ அந்த மடங்கால் டி.பி.யைப் பெருக்கினால் எஸ்.பி. இயல்பு அமைப்பில் இரண்டும் ஒன்றே. இங்கேதான் எங்கள் மாணவர் சறுக்கினார். அவருக்கு வயது இருபத்தேழு; கண்ணில் குறையில்லை; அவர் கருவியில் டி.பி.யும் எஸ்.பி.யும் வேறுபடவே இல்லை. வேறுபாடு தெரிய எண்பது வயதுக் கண் ஒன்று வேண்டியிருந்தது. நாமும் நாற்பதைக் கடந்து வாசிப்புக் கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடத் தொடங்கியவர்தாம், இருந்தும் தோன்றவில்லை.

இந்த அக்கறைக்கு ஒரு வரலாறு உண்டு. 2008இல் வந்த இணைய அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு, உள்ளடக்கமும் பயனும் கெடாமல் எழுத்தை 200 விழுக்காடுவரை பெருக்க இயல வேண்டும் என்றது. ஆப்பிள் 2013இல் தன் ஏழாம் பதிப்பில் செயலிகளின் எழுத்து பயனர் விருப்பத்தோடு வளரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கூகுளின் சொந்தக் கருவிகளில் பெருக்கம் நெடுநாள் 130 விழுக்காட்டோடு நின்றது. 2023இல் ஆண்ட்ராய்டு 14தான் அதை 200க்கு உயர்த்திற்று. உயர்த்தும்போது ஒரு நயம் செய்தது: சிறிய எழுத்து இருமடங்காகும்போது ஏற்கெனவே பெரிதாயிருக்கும் தலைப்பு அவ்வளவு வளராது. இல்லாதவர்க்குக் கூடுதல், உள்ளவர்க்குக் குறைவு. எஸ்.பி. அன்றோடு எளிய பெருக்கல் கணக்காக இல்லாமற் போயிற்று.

எழுத்து வளர்ந்ததும் எங்கள் செய்யுள்கள் ஏன் வெட்டுண்டன? மாணவர் அடிகள் மடங்கி ஒழுங்கு கெடாதிருக்க ஒவ்வோர் அடியையும் தனித்தனிப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டியின் உயரத்தை டி.பி.யில் நிலையாக எழுதிவிட்டார். எழுத்து எஸ்.பி.யில் வளர்ந்தது, பெட்டி வளரவில்லை. இது எந்த மொழிக்கும் நேரக்கூடியதே. ஆனால் ஆங்கில எழுத்துக்கு அந்தப் பெட்டி போதுமானதாக இருந்தது என்பதைச் சோதித்துப் பார்த்தோம். இகர ஈகாரக் கொக்கிகள் தலைக்குமேல், உகர ஊகார வால்கள் காலுக்குக்கீழ் என்று தமிழ் எழுத்து இரு பக்கமும் இடம் கேட்பது. மேலே வெட்டுண்டால் மீன் மின் ஆகும்; கீழே வெட்டுண்டால் தூது துது ஆகும்.

இதைத் துருவியபோது கிடைத்த ஒரு செய்தி நம்மைச் சற்று நேரம் உட்காரவைத்தது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இலிருந்து எழுத்துப் பெட்டிக்கு ஒரு பண்பு உண்டு. ‘நேர்த்தியான உரை உயரம்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அதன் விளக்கம், இலத்தீன் எழுத்தின் உயர அளவுக்குள் அடங்குமாறு இறுக்கப்படாத எழுத்துருவைத் தேர்ந்து, மேலும் கீழும் இடத்தைக் கூட்டுவது என்பதாகும். அப்படியானால் அந்தப் பண்பை வேண்டாதபோது கிடைப்பது இறுக்கப்பட்ட எழுத்துரு. கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்கு இரண்டு வார்ப்புகள் இருந்தன: ஒன்று இயல்பானது, மற்றொன்று பொத்தான்களுக்கும் பட்டியல்களுக்கும் ஏற்பக் குறுக்கியது. செயலி எழுதுவோர் கேட்டாலொழியக் கிடைத்தது பெரும்பாலும் குறுக்கியதே. நாமறிய, அந்தப் பண்பைக் கேட்ட தமிழ்ச் செயலிகள் மிகச் சில.

இதைச் சதி என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டா. இலத்தீனுக்கென வகுத்த வரியில் பல மொழிகள் ஒருங்கே உட்கார வேண்டியிருந்தது. ஒருவர் முழங்காலை மடக்கினார். எழுதுபொருள் எழுத்தை வளைப்பதும் நமக்குப் புதிதன்று. ஏட்டில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துகளைப் புள்ளியின்றி எழுதினர் என்பர். அதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை உ.வே.சா.வின் எழுத்துகளில் காணலாம். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அச்சும் தட்டச்சும் தந்த நெருக்கடியும் ஒரு காரணம். ஓலைக்கு இளகிய எழுத்து ஈயத்துக்கும் இளகிற்று, கண்ணாடிக்கும் இளகிற்று.

ஆயினும் இம்முறை திரும்பி நிமிர்ந்ததும் நடந்தது. 2024இன் ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில் அந்தப் பண்பு கேளாமலே இயல்பாயிற்று. 2025இன் ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காகக் கொள்வனவற்றில் அதை நிறுத்திவைக்கும் வாய்ப்பே நீக்கப்பட்டது. குறுக்கிய வார்ப்புகள் விடைபெறுகின்றன. நிரலாளர்க்குத் தந்த எச்சரிக்கையில் அரபு, இலாவோ, மியன்மார், தமிழ், குசராத்தி, கன்னடம், மலையாளம், ஒடியா, தெலுங்கு, தாய் என்று எழுத்துகளின் பட்டியலே இருக்கிறது: உங்கள் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இவை இனி நிமிர்ந்து உட்காரும் என்னும் பொருளில்.

எங்கள் செயலிக்குச் செய்தது சிறு மருத்துவம். பெட்டிகளின் நிலையான உயரத்தை நீக்கி, உள்ளிருக்கும் எழுத்துக்கேற்ப வளர விட்டார் மாணவர். நேர்த்தியான உயரத்தையும் கேட்டு வாங்கினார். ஓர் அரைநாள் வேலை. புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு அம்மையார் வீட்டுக்குச் சென்றோம். காப்பி ஆறும்வரை அவர் செல்பேசியைக் கீழே வைக்கவில்லை. மீன் மீனாகவே இருந்தது. பிறகு தாம் 1983ஆம் ஆண்டு மலரில் எழுதிய கட்டுரைக்குப் போய், ஓரிடத்தில் நிறுத்தி எங்களிடம் நீட்டினார். விரல் வைத்த இடத்தில் ‘துது’ என்றிருந்தது. மாணவர் முகம் வாடிப்போயிற்று. வால் இன்னும் வெட்டுப்படுகிறது என்று எண்ணிவிட்டார்.

“பதறாதே தம்பி, இது திரை செய்ததில்லை. அச்சிலேயே அப்படித்தான் இருந்திருக்கும். மெய்ப்புப் பார்த்தவள் நான்தான். இவ்வளவு பெரிதாக இன்றைக்குத்தானே பார்க்கிறேன்” என்றார்.

மலரை எடுத்துப் பார்த்தோம். 87ஆம் பக்கம், அச்சிலும் துது. திருத்திவிட்டோம்.